எழும்பு மக்கா, அலை வருது!

மழை விட்டபாடில்லை. 2017 நவம்பர் 7, திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானம். இந்தியாவும் நியூசிலாந்தும் மோதும் 20 ஓவர் ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். ஆடுகளத்தை மூடிய விரிப்பின் மேல் தண்ணீர் தளும்பி நிற்கிறது. ஆனாலும் கேலரியை விட்டு ஆட்கள் கிளம்பவில்லை. அந்த ஊரில் சர்வதேச கிரிக்கெட் நடந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1988 ஜனவரியில் பல்கலைக்கழக மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸ் ஆடிப் போனதுதான் கடைசி. அத்தனை காலம் காத்திருந்தவர்களை இரண்டு மணி நேர மழை என்ன செய்துவிடும்?

நாங்கள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மதியமே புறப்பட்டு வந்தவர்கள். எங்களுக்குச் சேப்பாக்கம் என்றால் 700 கிலோமீட்டர். காரியவட்டம் என்றால் மூன்று மணி நேரம். திருவிதாங்கூரில் இருந்த குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. ஆனாலும் விமானம் ஏற வேண்டும், பெரிய ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் கால் இன்றும் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித்தான் போகும்.

எட்டு மணிக்கு மேல் இருக்கும். எதிர்ப்பக்கத்து கேலரியில் ஒரு கொத்து ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, உட்கார்ந்தார்கள். அடுத்த பகுதி வரை போய் அது அணைந்தது. மறுபடி எழுந்தார்கள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. எனக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் வளர்ந்துகொண்டே வந்தது, சொத்தவிளைக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது கேட்குமே, அதைப்போல. பக்கத்து இருக்கையில் குழித்துறைக்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும். என் முழங்கையைத் தட்டினார்.

"எழும்பு மக்கா, அலை வருது!"

எழுந்தேன். கத்தினேன். உட்கார்ந்தேன். அதற்குள் அது எங்களைக் கடந்து, மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுசுற்று வருவதற்குள் அவரிடம் கேட்டேன்: "இது யாரு அண்ணாச்சி சொல்லித் தந்தது?"

"சொல்லித் தரணுமா? பக்கத்து ஆள் எழும்பினா நாமளும் எழும்பணும். அம்புட்டுதான்."

அந்த ஒரு வாக்கியத்தை நிரூபிக்க மூன்று இயற்பியலாளர்கள் வீடியோப் படங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஓக்லாந்தில் ஒரு முரசுக்காரர்

இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மெக்சிகன் அலை. ஆனால் பிறந்த இடம் மெக்சிகோ அல்ல. 1981 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம். ஓக்லாந்து ஏ'ஸ் அணிக்கும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் போட்டி. கூட்டத்தை உசுப்பேற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஜார்ஜ் ஹென்டர்சன் அங்கே இருந்தார். கிரேசி ஜார்ஜ் என்றால்தான் தெரியும். கையில் ஒரு முரசு. அவர் சொல்வதன்படி, முதல் முயற்சி சில பகுதிகளைத் தாண்டியதும் செத்துப்போனது. உடனே அவர் ஒரு வேலை செய்தார். அலையைக் கைவிட்ட பகுதியைப் பார்த்துக் கூச்சல் போடும்படி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை அலை இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. அதற்கடுத்த முறை மைதானத்தை முழுதாகச் சுற்றியது. அன்றைக்கு ஓக்லாந்து அணி தோற்றது. ஆனால் ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவில் அலை தங்கிவிட்டது.

இரண்டே வாரத்தில், அக்டோபர் 31 அன்று, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மைதானத்தில் இன்னொரு அலை. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அது. பழைய மாணவர் ராப் வெல்லரும் இசைக்குழுத் தலைவர் பில் பிசெல்லும் சேர்ந்து எழுப்பியது. முதல் அலை எங்களுடையதுதான் என்று அந்தப் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். என் மனம் ஓக்லாந்துப் பக்கம்தான் சாய்கிறது. தேதியும் படப்பதிவும் அங்கே இருக்கின்றன. ஆனால் சியாட்டிலுக்கும் பெருமை உண்டு. அலையை ஒரு நாள் வேடிக்கையாக விடாமல், வாராவாரம் செய்து வழக்கமாக்கியவர்கள் அவர்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் கால்பந்துப் போட்டிகளிலும் அலை எழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து மெக்சிகோ உலகக்கோப்பை. 1986 மே 31 முதல் ஜூன் 29 வரை, உலகம் முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருந்த வேளையில், அஸ்டெகா மைதானத்தில் லட்சம் பேர் அலையாய் எழுந்து அமர்ந்தார்கள். ஸ்பானிய மொழியில் 'லா ஓலா'. அலை என்றே பொருள். நம் ஊரில் தூர்தர்ஷன் வழியாக மரடோனா வீட்டுக்குள் வந்ததும் அந்தப் போட்டிகளில்தான். குமரிக் கடற்கரையில் அர்ஜென்டினாக் கொடி இன்றும் பறப்பதற்கு விதை அப்போது விழுந்தது. மரடோனாவோடு கூடவே அலையும் வந்தது. முதலில் எங்கே பார்த்தார்களோ அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

நொடிக்கு இருபது இருக்கை

புடாபெஸ்ட் நகரத்து இயற்பியலாளர் தமாஷ் விச்செக், இல்லேஷ் ஃபார்காஷ், ஜெர்மனியின் டிர்க் ஹெல்பிங் ஆகிய மூவரும் 2002 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் பெரிய மைதானங்களில் எழுந்த 14 அலைகளின் வீடியோப் பதிவை எடுத்து அளந்தார்கள். அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 12 மீட்டர். அதாவது நொடிக்கு 20 இருக்கை. அகலம் 6 முதல் 12 மீட்டர். எந்த நேரத்தில் படம் எடுத்தாலும் சராசரியாக 15 இருக்கை அகலத்துக்கு ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். உசேன் போல்ட் 100 மீட்டர் ஓட்டத்தில் தொட்ட உச்ச வேகமும் ஏறத்தாழ நொடிக்கு 12 மீட்டர்தான். கேலரியின் சுற்றளவு 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 50 நொடி.

இந்த 20 என்ற எண்ணில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஒரு ஆளிலிருந்து அடுத்த ஆளுக்கு அலை போக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகிறது. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து உடம்பு அசைவதற்கு அதைப்போல நாலைந்து மடங்கு நேரம் வேண்டும். அப்படியானால் நாம் ஒட்டி உட்கார்ந்திருப்பவர் எழும்வரை காத்திருப்பதில்லை. தொலைவிலேயே அலையைப் பார்த்துவிடுகிறோம், அது வரும் வேகத்தை மனசுக்குள் கணித்துவிடுகிறோம், உடம்பை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறோம். குழித்துறை அண்ணாச்சி 'பக்கத்து ஆள்' என்று சொன்னாரே தவிர, என் முழங்கையைத் தட்டியபோது அலை இன்னும் எங்களுக்கு நாலு பகுதி தள்ளித்தான் இருந்தது.

அலையைக் கிளப்ப எத்தனை பேர் வேண்டும்? சுமார் 30 பேர் போதும் என்கிறது ஆய்வு. ஆனால் அந்த முப்பது பேரும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் எழ வேண்டும். ஐந்து பேர் எழுந்தால் அது கூச்சலோடு முடிந்துவிடும். நேரமும் முக்கியம். கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டியிருக்கும்போது அலை கிளப்பிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் அடிக்க வருவார். பந்து வீசாத வேளை, மழை வேளை, மந்தமான மதியம்: அலைக்கு அதுதான் பருவம்.

கூட்டத்தை அந்த மூன்று இயற்பியலாளர்களும் 'கிளர்வுறு ஊடகம்' என்ற வகையில் வைத்தார்கள். இதை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் நன்றாக விளங்கும். ஆடி மாதம் கன்னிப்பூ நெல் நிற்கும்போது தோவாளைப் பக்கம் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வயலில் பச்சை அலையாய் ஓடும். அது அழகு, ஆனால் காற்று நின்றால் நெல்லும் நிற்கும். கடலலை வேறு மாதிரி. எங்கோ அடித்த காற்று கொடுத்த பலத்தை வாங்கிக்கொண்டு, காற்று அடங்கின பிறகும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தெரியும்: அலை போய்விடும், வள்ளம் அதே இடத்தில் ஏறி இறங்கும். கேலரி அலையிலும் ஆள் நகர்வதில்லை, அது மட்டும் ஒற்றுமை. ஆனால் அங்கே காற்றும் இல்லை, கடன் வாங்கிய பலமும் இல்லை. ஒவ்வொரு ஆளும் தன் சொந்தத் தெம்பைச் செலவழித்து எழுகிறார். அதனால்தான் எத்தனை சுற்று சுற்றினாலும் அலை தேய்வதில்லை.

இதற்குச் சரியான உவமை நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. இதயத் தசையில் ஒரு இடத்தில் பிறக்கும் மின்துடிப்பு, பக்கத்துச் செல்லை எழுப்பி, அது அடுத்ததை எழுப்பி ஓடுகிறது. எழுந்து அடங்கிய செல்லைக் கொஞ்ச நேரத்துக்கு மறுபடி எழுப்ப முடியாது, இளைப்பாற வேண்டும். இந்த இளைப்பாறல் இருப்பதால்தான் துடிப்பு வந்த வழியே திரும்பாமல் முன்னே போகிறது. கேலரியில் எழுந்து உட்கார்ந்தவரும் அப்படித்தான். மூச்சு வாங்கி, சிரித்து, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த சுற்றுக்குத்தான் எழுவார். ஒரு இடத்தில் கிளம்பும் எழுச்சி முதலில் இரண்டு பக்கமும் பரவப் பார்க்கும். ஒரு பக்கம் சீக்கிரமே ஓய்ந்து, மறுபக்கம் ஓடத் தொடங்கும்.

எந்தப் பக்கம்? பெரும்பாலும் கடிகார முள் சுற்றும் திசையில். இதைப் படித்தபோது எனக்குச் சுசீந்திரம் நினைவுக்கு வந்தது. மார்கழித் திருவிழாவில் தேர் நான்கு வீதியிலும் வருவது அந்தத் திசையில்தான். கோயிலை வலம் வருகிறவர்களும் அப்படியே. அலையும் மைதானத்தை வலம் வருகிறது. காரியவட்டத்தில் அது என் வலப்பக்கத்திலிருந்து வந்து இடப்பக்கம் போனதும் அதனால்தான்.

பேச்சிப்பாறைக் காட்டில் ஒரு கேலரி

மனிதருக்கு முன்பே இந்த வித்தையைச் செய்த கூட்டம் நம் மலையில் இருக்கிறது. மார்த்தாண்டம் தேனை நாடே அறியும். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம், பெட்டித் தேனீயை விவசாயி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் நான் சொல்வது பெட்டிக்குள் அடங்காத மலைத்தேனீயை. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒரே ஒரு பெரிய அடை. அதன் மேல் தேனீக்கள் போர்வைபோல அடுக்கடுக்காய்த் தொங்கும். காணிக்காரர்கள் தேனெடுக்க ஏறுவது இந்தக் கூடுகளுக்குத்தான்.

கடந்தைக் குளவி வட்டமிட்டு வந்தால் அந்தப் போர்வையில் ஒரு தேனீ பின்னுடலைச் சட்டென்று மேலே தூக்கும். பக்கத்தில் இருப்பது தூக்கும். அதற்கடுத்தது. ஒரு நொடிக்குள் அடை முழுக்க ஒரு மினுமினுப்பு அலை ஓடி முடியும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்துக் கெரால்ட் காஸ்ட்பெர்கரும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அலையைக் கண்டு கடந்தை விலகிப்போவதைக் காட்டியது. ஒரு தேனீயாவது கூட்டை விட்டுப் பறக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஆயிரம் உடல்கள் ஒரே பெரிய உடலாகத் தோன்றிவிட்டன. அவற்றுக்கு அது உயிர்காப்பு. நமக்கு அது மகிழ்ச்சி. ஆனால் அன்று மழையில் உட்கார்ந்திருந்த எனக்கும், முன்பின் அறியாத ஆட்களோடு ஒரே உடலாகிப்போன அந்த உணர்வு உயிருக்கு நெருக்கமான ஒன்றாகத்தான் இருந்தது.

அலை எங்கே அறுகிறது

எழாதவர்களும் உண்டு. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அலை பெவிலியனுக்கு வந்ததும் அங்கே அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அசைய மாட்டார்கள். மெல்போர்னிலும் உறுப்பினர் பகுதி அப்படியே. மற்றவர்கள் ஊளையிட்டுவிட்டு, மறுமுனையில் அலையை மீண்டும் எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் விலைக்கும் அலைக்கும் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது; குறைந்த விலைப் பகுதியில்தான் அது பிறக்கிறது, அங்கேதான் பிழைக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் அலைக்கே தடை போட்டது. அலையோடு சேர்த்துப் பானம் நிறைந்த கோப்பைகளையும் கண்டதையும் மேலே வீசினார்கள் என்பது காரணம். முன் வரிசையில் குழந்தையோடு இருந்தவருக்கு அது விளையாட்டல்ல. தடைக்கான நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சேப்பாக்கத்தில் அலையை அறுத்தது மனிதரே இல்லாத இருக்கைகள். ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் அனுமதிச் சிக்கலில் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றிரண்டு பேர் எழாவிட்டால் அலை தாண்டிப் போய்விடும். ஆனால் மூன்று கேலரி அகலத்தைத் தாண்டாது. இத்தனைக்கும் எழுந்து நிற்பதில் சேப்பாக்கத்தைப் போலப் பேர் எடுத்த கூட்டம் கிடையாது. 1999 ஜனவரி 31 அன்று இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, வென்ற பாகிஸ்தான் அணிக்கு அந்த மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. நம் வழக்கத்தில் எழுவது மரியாதைக்கு. பெரியவர் வந்தால் எழுவோம், சாமி வந்தால் எழுவோம். அலையில் மட்டும் யாருக்காகவும் எழுவதில்லை, அடுத்த இருக்கைக்காரருக்காக எழுகிறோம்.

காரியவட்டத்திலேயே அலை பிடிக்காமல் போன நாளும் உண்டு. 2023 ஜனவரி 15, இலங்கைக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166. இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய வெற்றி. தொலைக்காட்சியில் பார்த்தேன். கோலியை விட என் கண் கேலரியில்தான் இருந்தது. திட்டுத்திட்டாக ஆட்கள், இடையில் வெறும் இருக்கைகளின் நீளம். 2017-இல் மழையால் எட்டு ஓவராகச் சுருங்கிய ஆட்டத்துக்குக் கிடைத்த அலை, சாதனை வெற்றிக்குக் கிடைக்கவில்லை.

இருக்கை என்ற ஒன்று

எங்கள் மாவட்டத்தில் மைதானத்தை முழு வளையமாகச் சூழும் கேலரி கிடையாது. ஆனால் விளையாட்டுக் கூட்டத்துக்குக் குறைவில்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கடற்கரை நெடுகக் கால்பந்துதான் பேச்சு. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை போனவர். அந்த ஊர்களில் போட்டி நடந்தால் எல்லைக்கோட்டை ஒட்டி ஜனம் நின்றுகொண்டே பார்க்கும். கோல் விழுந்தால் கடல் இரைச்சலை அமுக்கும் சத்தம் வரும். அலை மட்டும் வராது. எழுவதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டுமே.

நிற்கும் கூட்டத்தில் ஓடும் அலை வேறு வகை, அது மகிழ்ச்சியின் அலை அல்ல. 2025 பிப்ரவரியில் பிரான்ஸின் லியோன் நகரத்து இயற்பியலாளர் டெனி பார்த்தோலோவும் குழுவினரும், ஸ்பெயினின் பம்ப்லோனாத் திருவிழாத் தொடக்கத்தில் சதுக்கத்தை நிறைக்கும் கூட்டத்தை மேலிருந்து படம் பிடித்து ஆராய்ந்ததை வெளியிட்டார்கள். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்ற அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானவர்கள் தங்களை அறியாமலே ஒரு சுழற்சியில் ஊசலாடத் தொடங்குகிறார்கள். ஒரு ஊசலுக்குச் சுமார் 18 நொடி. யாரும் தள்ளவில்லை, ஆனால் யாராலும் நிற்கவும் முடியவில்லை. 21 பேர் இறந்த 2010 ஜெர்மனி டூயிஸ்புர்க் நெரிசலின் பதிவிலும் அதே ஊசலைக் கண்டார்கள். கேலரி அலையை அளந்த ஹெல்பிங் பிற்காலத்தில் நெரிசல் சாவுகளையும் ஆராய்ந்தார்.

பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 2025 ஜூன் 4 அன்று நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே இருக்கைகள் இருந்தன. சாவு வாசலில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர். குழந்தைகளும் அதில். அந்தச் செய்தி வந்த இரவில் நான் தூங்கவில்லை. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை சதுர மீட்டர் இருக்கிறது என்பது வகுத்துப் பார்க்கக்கூடிய கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையால் போடமுடிகிற கணக்கு. அதைப் போடாமல் கூட்டத்தைக் கூட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. மனிதரோடு மனிதர் சேர்வதில் பயம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு இடமும், அந்த இடத்துக்குத் திரும்பி அமர்வதற்கு ஒரு நொடியும் கிடைத்தால் 50 ஆயிரம் பேர் இதயம்போல இயங்குகிறார்கள். அந்த ஒரு முழ இடத்தைப் பறித்துவிட்டால் அதே ஜனம், அதே அன்பு, மூச்சை அடைக்கிறது.

காரியவட்டத்தில் அன்றிரவு மழை விட்டு, ஒன்பதரை மணிவாக்கில் ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு எட்டு ஓவர். இந்தியா 67, நியூசிலாந்து 61. கடைசி ஓவர்களில் ஒருவரும் அலையை நினைக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தோம். முடிந்ததும் கூட்டம் ஒரே மூச்சில் படிக்கட்டுக்குத் திரும்பியது. வடசேரிக்குப் பஸ் கிடைக்குமா என்ற நினைப்பில் நானும் வேகமாக இறங்கப்போனேன். முழங்கையில் ஒரு கை விழுந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன் என்னைத் தட்டி எழுப்பிய அதே கை.

"நில்லு மக்கா. முன்ன நிக்கவன் எறங்கட்டும்."

நின்றேன். முன்னால் ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு படி இறங்கினார். அண்ணாச்சி கையை எடுத்தார். நாங்களும் ஒரு படி இறங்கினோம்.